களியை யாரும் மெல்லுவதில்லை

நான் ஓய்வு பெற்று இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் நெடுங்காலம் உணவு ஆலோசகராக இருந்தேன். சென்ற மாதம் அங்கே போனபோது என் பழைய அறையில் ஒரு புதிய கணினி இருந்தது. வயது, எடை, நோய், செய்துகொண்ட அறுவை சிகிச்சை ஆகியவற்றைத் தட்டினால், ஒரு நிமிடத்துக்குள் உணவு அட்டவணையைத் தமிழிலேயே அச்சடித்துக் கொடுத்துவிடுகிறது. எழுத்துப்பிழை இல்லை. இப்போது அங்கே வேலை பார்க்கும் இரண்டு பெண்கள், "இதுல திருத்த ஏதாவது இருக்கா மேடம்?" என்று கேட்டார்கள். இருந்தது. ஆனால் அன்று அவர்களுக்குக் கிடைத்த தேநீர் இடைவேளையில் அதைச் சொல்லி முடிக்க முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

என் ஊர் கும்பகோணம் பக்கம். மனையியல் படித்தேன். உடனே வேலை கிடைக்காததால் ஒரு நாளிதழில் இரண்டரை ஆண்டுகள் மெய்ப்பு பார்த்தேன். எண் வந்தால் யார் அளந்தது என்று கேட்க வேண்டும், பெயர் வந்தால் இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்பது அங்கே படிந்த பழக்கம். பிறகு ஒரு பெரிய மருத்துவமனையில் ஓராண்டுப் பயிற்சி, திருமணம், கணவருக்கு இந்தப் பக்கம் மாற்றல். கள்ளக்குறிச்சியில் வேலைக்குச் சேர்ந்த அன்று எனக்கு உணவைப் பற்றி எல்லாம் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

தலைமை மருத்துவர் தாமோதரன் அந்த நினைப்பை இரண்டு நாளில் எடுத்துவிட்டார். அவர் குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. பிடிக்காததைக் கண்டால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைப்பார். எவ்வளவு நேரம் துடைக்கிறாரோ அவ்வளவு பெரிய தவறு. நான் எழுதிய முதல் அட்டவணை ஒரு சர்க்கரை நோயாளிக்கு. அதை ஒவ்வொரு வரியாகச் சத்தமாகப் படித்தார்.

"ஓட்ஸ் கஞ்சி. வேக வச்ச காய். எண்ணெய் இல்லாத சப்பாத்தி ரெண்டு. நல்லா இருக்கும்மா. நாளைக்கு நீங்க இதையே சாப்பிடுங்க. நாளன்னிக்கு அவருக்குக் குடுக்கலாம்."

சாப்பிட்டேன். மறுநாள் அவர் கேட்டது ஒரே கேள்வி. "எத்தனை மணிக்குப் பசிச்சுது?"

"பதினொண்ணு பத்துக்கு டாக்டர்."

"அப்ப அங்க ஏதாவது எழுதுங்க."

இதுதான் அந்த மருத்துவமனையின் விதி. எழுதியவர் ஒரு நாள் சாப்பிட்டுப் பார்க்காத அட்டவணை நோயாளியின் கைக்குப் போகாது. உப்பில்லாத உணவு, சிறுநீரகக் கோளாறுக்கான உணவு, மூக்குக் குழாய் வழியாகக் கொடுக்கும் கஞ்சி எல்லாம் என் வாய்க்குள் போயிருக்கின்றன. கஞ்சியை மட்டும் வாயால் குடிக்க அனுமதித்தார்.

எடைக்குறைப்பு அறுவை செய்துகொண்டவர்கள் கடைசிப் பத்தாண்டுகளில்தான் வரத் தொடங்கினார்கள். அறுவை எங்கள் ஊரில் நடக்காது. சென்னையிலோ புதுச்சேரியிலோ செய்துகொண்டு, ஒரு வழவழப்பான காகிதத்தோடு திரும்புவார்கள். அதில் ப்ரோக்கோலி சூப் என்றும் ஆலிவ் எண்ணெய் என்றும் போட்டிருக்கும். சங்கராபுரம் சந்தையில் ப்ரோக்கோலியைத் தேடிவிட்டு என்னிடம் வருவார்கள்.

அறுவையில் இரண்டு வகை அதிகம். ஒன்றில் இரைப்பையை நீளவாக்கில் வெட்டி ஒரு குழாய் போல ஆக்கிவிடுகிறார்கள். இன்னொன்றில் மேல்பகுதியில் ஒரு முட்டையளவு பையை மட்டும் தனியாகப் பிரித்து, குடலை மேலே இழுத்து அதோடு தைத்துவிடுகிறார்கள். இரண்டிலும் அதன் பிறகு சாப்பாடு வேறு விதமாகிறது. ஒரு வாய் என்பது சுண்டைக்காய் அளவு. இருபத்தைந்து முறை மெல்ல வேண்டும். பருப்பு, முட்டை, மீன் முதலில், சோறு கடைசியில். சாப்பிடும்போது தண்ணீர் கூடாது, முன்னும் பின்னும் அரை மணி நேரம் கூடாது. இனிப்பு வேகமாகக் குடலுக்குள் இறங்கினால் வியர்த்து, படபடத்து, மயக்கம் வரும். மாத்திரைகள் ஆயுளுக்கும் உண்டு.

விதிப்படி இதையும் ஒரு நாள் சாப்பிட்டுப் பார்த்தேன். என் இரைப்பை முழுதாக இருந்தது, பசியைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் ஒன்று தெரிந்தது. மருத்துவமனை உணவறையில் என்னோடு உட்கார்ந்தவர்கள் சாப்பிட்டு, கை கழுவி, கதை பேசி எழுந்து போன பிறகும் நான் நான்காவது வாயை மென்றுகொண்டிருந்தேன். "தனியாகச் சாப்பிட விடாதீர்கள்" என்று அட்டவணையின் கீழே எழுதத் தொடங்கியது அன்றிலிருந்துதான்.

எனக்கு நன்றாக நினைவிருக்கும் முதல் ஆள் வெள்ளிமலை ஜீப் ஓட்டுநர் சின்னசாமி. நூற்று முப்பத்தெட்டு கிலோவில் சென்னைக்குப் போனவர். திரும்பி வந்து எல்லா விதிகளையும் ஏற்றுக்கொண்டார், தண்ணீரைத் தவிர. மலையில் யார் வீட்டில் உட்கார்ந்தாலும் முதலில் சொம்பு வரும்; குடிக்காவிட்டால் மனத்தாங்கல் ஆகிவிடும். கையில் கடிகாரமும் கட்டுவதில்லை.

"அரை மணின்னா எவ்ளோ தூரங்க?" என்று கேட்டார்.

அவர் மணியைத் தூரத்தால்தான் அறிவார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. இருவரும் சேர்ந்து கணக்குப் போட்டோம். வெள்ளிமலையில் சாப்பிட்டுவிட்டு வண்டியை எடுத்தால் மலைப்பாதையின் கடைசி வளைவைத் தாண்டும்வரை தண்ணீர் கிடையாது. அட்டவணையில் அப்படியே எழுதிக் கொடுத்தேன். மூன்று மாதத்தில் ஜீப்பில் வருகிற சனங்களுக்கெல்லாம் அது தெரிந்துவிட்டது. கடைசி வளைவு வந்ததும் பின்னாலிருந்து யாராவது கத்துவார்களாம்: "அண்ணனுக்குத் தண்ணியக் குடுங்கப்பா, அடிவாரம் வந்திருச்சி!" டாக்டர் தாமோதரன் அந்த அட்டவணையை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றவில்லை.

சின்னசாமி எண்பத்தொன்பது கிலோவுக்கு இறங்கினார். அந்த வெற்றியில் எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் வந்திருக்க வேண்டும். அடுத்து வந்தவர் தமிழரசி.

இட ஒதுக்கீடு கேட்டு வட மாவட்டங்களில் போராட்டம் நடந்த ஆண்டு அது. கொரோனாவின் முதல் அலை தணிந்து, முகக்கவசங்கள் தாடைக்கு இறங்கியிருந்தன. கரும்பு வெட்டும் பருவம். ஒரு நாள் மனு, ஒரு நாள் ஊர்வலம், ஒரு நாள் மறியல் என்று போய்க்கொண்டிருந்தது. மறியல் அன்று பேருந்துகளுக்குப் பின்னால் கரும்பு டிராக்டர்கள் வரிசையாக நிற்கும். மருத்துவமனைக்குள் அதைப் பற்றி யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. ஊசி போடுகிறவர், தட்டு எடுக்கிறவர், படுத்திருக்கிறவர் மூவரும் மூன்று ஊர், மூன்று சாதி. பேசினால் வேலை நடக்காது என்று எல்லோருக்கும் தெரியும்.

தமிழரசிக்கு வயது இருபத்தேழு. மணலூர்பேட்டையில் பிறந்து, மூங்கில்துறைப்பட்டுக்குப் பக்கத்தில் ஒரு கரும்பு விவசாயக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். ஆறு ஆண்டுகள் குழந்தையில்லை. எடை நூற்றுப் பதினாறு. எடை குறைந்தால் கருத்தரிக்க வாய்ப்பு கூடும் என்று மருத்துவர்கள் சொல்ல, அந்த இரண்டாவது வகை அறுவையைச் சென்னையில் செய்துகொண்டார். சொன்னபடி ஒன்றரை ஆண்டு காத்திருந்தார். பிறகு கருவுற்றார்.

ஐந்தாவது மாதத்தில் ஊர் முகாமில், எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் கொடுப்பதுபோல், சர்க்கரைப் பரிசோதனைக்காகக் குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள். ரத்தப் பரிசோதனைக்கும் வயிற்று அறுவைக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்து இவர் அறுவையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. குடித்த கால் மணி நேரத்தில் வியர்த்துக் கொட்டி நாற்காலியிலிருந்து சரிந்துவிட்டார். விவரம் தெரிந்ததும் அந்தச் செவிலியரே எங்களிடம் அனுப்பிவைத்தார். குளுக்கோஸுக்குப் பதிலாக ஒரு வாரம் விரல் நுனியில் குத்திப் பார்த்தோம். சர்க்கரை இல்லை. ஆனால் ரத்தம் குறைவு, புரதம் குறைவு, குழந்தையின் வளர்ச்சி ஒரு வாரம் பின்தங்கியிருந்தது.

கூட வந்தவர் மாமியார் குப்பம்மாள். அறைக்குள் வந்து உட்காரவில்லை. நின்றபடியே கேட்டார்.

"வயித்தச் சின்னதாப் பண்ணிட்டாங்களே மேடம், கொயந்த எங்க குந்தும்?"

நான் சிரிக்கவில்லை. ஆறு ஆண்டுகள் காத்திருந்தவரின் கேள்வி அது. காகிதத்தின் பின்பக்கம் இரண்டு பைகள் வரைந்தேன். மேலே சாப்பாட்டுப் பை, கீழே குழந்தைப் பை.

"ரெண்டும் வேற வேறயா?"

"வேற வேற."

"அப்ப இதுல போடறது அதுக்கு எப்பிடிப் போவும்?"

"ரத்தம் வழியாப் போகும். அதனாலதான் கொஞ்சம் கொஞ்சமா, ஆறு வேளை குடுக்கணும்."

குப்பம்மாள் படத்தைத் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்தார். "செரி. சொட்டு நீர் உட்ட மாரி. ஒரேடியா பாச்சக்கூடாது, நாள் முயுக்க சொட்டிக்கினே இருக்கணும்." பிறகுதான் உட்கார்ந்தார்.

அதைவிட நல்ல விளக்கத்தை நான் எந்தப் பாடப்புத்தகத்திலும் படித்ததில்லை. அவர்கள் வீட்டில் என்ன கிடைக்கும் என்று கேட்டு ஆறு வேளைக்கும் எழுதினேன். முட்டை, தயிர், பாசிப்பயறு, மொச்சை, முருங்கைக்கீரை, ஆற்று மீன். இரும்புச்சத்து மாத்திரைக்கும் கால்சியம் மாத்திரைக்கும் இடையில் இரண்டு மணி நேரம். எல்லாம் எழுதி முடித்ததும் குப்பம்மாள், "கேவுரு களியே கண்ணுல காணோமே?" என்றார். "களி இல்லாத ஒரு வூடா?"

கேழ்வரகில் கால்சியம் உண்டு. களி மென்மையானது. மறுக்கக் காரணம் தெரியவில்லை. ஆனாலும் விதி இருக்கிறதே. எங்கள் பக்கத்தில் களி என்றால் மார்கழித் திருவாதிரைக்கு வெல்லம் போட்டுக் கிண்டுவதுதான். கேழ்வரகுக் களியை அதுவரை நான் தொட்டதில்லை. வார்டு உதவியாளர் ஒருவரிடம் சொல்லி வீட்டிலிருந்து கொண்டுவரச் செய்தேன். எலுமிச்சை அளவு உருண்டை. கரண்டியால் சுண்டைக்காய் அளவு எடுத்தேன். இருபத்தைந்து முறை மென்றேன். பல்லில் ஒட்டியது, வேறு தொல்லையில்லை. "களி, எலுமிச்சை அளவு, பகல் ஒரு மணி" என்று எழுதிக் கொடுத்தேன்.

தமிழரசியின் எடை மெல்ல ஏறியது. அடுத்த பரிசோதனையில் குழந்தை பின்தங்கிய ஒரு வாரத்தில் பாதியை எட்டியிருந்தது. முதல் சில வாரங்கள் வீட்டில் கேழ்வரகு தீர்ந்துபோய், புது அறுவடைக்குக் காத்திருந்தார்கள். ஏழாவது மாதம் தொடங்கியபோது அரைத்து வந்தார்கள்.

அன்று பகல் ஒன்று நாற்பதுக்குத் தொலைபேசி வந்தது. பால் கேன் ஏற்றும் குட்டி யானை வண்டி ஓட்டுகிற பக்கத்து வீட்டுக்காரர் பேசினார். தமிழரசிக்கு நெஞ்சில் வலி, எச்சில்கூட விழுங்க முடியவில்லை, வாயிலிருந்து ஒழுகுகிறது. டாக்டர் தாமோதரன் என் கையிலிருந்து தொலைபேசியை வாங்கினார்.

"வலி எங்கேன்னு காட்டச் சொல்லுங்க. உள்ளங்கையால வயித்தத் தேய்க்கிறாங்களா, ஒரு விரலால காட்டுறாங்களா?"

"வெரலுதாங்க. நெஞ்சுக்குழில வச்சிக் காட்டுது."

"சரி. ஆனாலும் உடனே கூட்டிட்டு வாங்க. படுக்க வைக்காதீங்க. தண்ணி, வாழைப்பழம், எதுவும் குடுக்காதீங்க."

"தண்ணி ஏற்கெனவே குடுத்தாச்சிங்க. அதுக்கப்பறந்தான் ஜாஸ்தியாச்சி."

சென்னையில் அறுவை செய்த மருத்துவரை டாக்டர் தொலைபேசியில் கூப்பிட்டார். பிறகு என்னிடம் விளக்கினார். இந்த அறுவை செய்தவர்களுக்குக் கருப்பை பெரிதாகும்போது குடல் ஓர் இடுக்கில் நுழைந்து முறுக்கிக்கொள்ளலாம். அதற்கும் முதல் அறிகுறி வலியும் வாந்தியும்தான். அதுவாக இருந்தால் நேரம் கடத்துவது இரண்டு உயிருக்கும் ஆபத்து. விரல் காட்டிய இடம் உணவு சிக்கியிருப்பதாகச் சொன்னாலும், கண்ணால் பார்க்காமல் அவர் நம்பமாட்டார்.

முக்கால் மணி நேர வழி. ஒன்றரை மணி நேரமாகியும் அவர்கள் வரவில்லை. சங்கராபுரத்தில் மறியல் என்று தகவல் வந்தது. நான் வாசலில் நின்றேன். மூன்று இருபதுக்கு முதலில் ஏழெட்டு மோட்டார் சைக்கிள்கள் வந்தன, ஒலிப்பானை அழுத்திக்கொண்டே. நடுவில் குட்டி யானை. முன் இருக்கையில் தமிழரசி, மடியில் ஒரு துண்டு. பின்னால் பால் கேன்களுக்கு நடுவில் நின்றபடி குப்பம்மாள். இறங்கும்போதே பேசிக்கொண்டு இறங்கினார்.

"ரோட்டுக்குக் குறுக்க நூறு பேரு குந்திக்கினு கீறாங்க மேடம். யார்ரா இவனுங்கன்னு எட்டிப் பாத்தா, நடு சென்டர்ல, மைக்கப் புடிச்சிக்கினு கத்திக்கினு கீறான் எம் புள்ள!"

மகன் ஏழுமலை அவருக்குப் பின்னால் தலைகுனிந்து நின்றார். தோளில் துண்டு, தொண்டை கட்டியிருந்தது.

"நான் பாக்கவேயில்லம்மா..."

"நீ எப்பிடிப் பாப்ப? மைக்கு மூஞ்ச மறச்சிக்கினு கீது. நான் கேன் மேல ஏறி நின்னு கத்துனேன் மேடம். 'டேய் ஏழுமல, உம் பொண்டாட்டி வந்துகினு கீறாடா, வயி வுடுடா'ன்னு. அவ்ளோதான். கூட்டம் ரெண்டாப் பொளந்துச்சி. சும்மா சொல்லக்கூடாது, புள்ளைங்க தங்கம். பஸ்ஸ ரெண்டு பேரு தள்ளியே ஓரங்கட்டுனானுங்க."

வந்த பையன்களும் வெளியே போகவில்லை. வாசலில் வண்டிகளை நிறுத்திவிட்டு வரிசையாக நின்றார்கள்.

முதலில் குழந்தையின் இதயத் துடிப்பு. கருவியை வயிற்றில் வைத்ததும் அறை முழுக்கக் கேட்டது, குதிரை ஓடுவதுபோல. தமிழரசி கண்ணை மூடிக்கொண்டார். பிறகு ஸ்கேன். குடல் அதனிடத்தில் இருந்தது. டிரிப் போட்டு, முதலில் விட்டமின், பிறகு குளுக்கோஸ். நிமிர்த்தி உட்கார வைத்தோம். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "ஆறு மணி வரைக்கும் பாக்கலாம். அடைப்பு போகலைன்னா சென்னை. ஆம்புலன்ஸை நிறுத்தி வைங்க." பிறகு என்னைப் பார்த்தார். கேள்வி கேட்பது என் வேலை.

"தமிழரசி, கடைசியா என்ன சாப்பிட்ட?"

எச்சிலைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "களி மேடம்."

"எவ்வளவு?"

"நீங்க சொன்ன அளவுதான். எலுமிச்சங்கா."

"நல்லா மென்னியா?"

அந்த வலியிலும் அவர் என்னை வியப்போடு பார்த்தார். "களியப் போயி யாராவது மெல்லுவாங்களா மேடம்?"

அறையில் இருந்த செவிலியர், உதவியாளர், டிரிப் பாட்டிலைப் பிடித்துக்கொண்டிருந்த ஏழுமலை, எல்லோரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எனக்கு மட்டும் தெரியவில்லை. குப்பம்மாள் என்மேல் இரக்கப்பட்டு விளக்கினார்.

"களின்னா முயுங்கணும் மேடம். கொயம்புல பொரட்டி நாக்குல வச்சா தானா எறங்கணும். சின்னப் புள்ள மென்னாக்கூட, இன்னாடா மாடு மாரி அசபோடறன்னு திட்டுவோம்."

வேறு எல்லா உணவையும் தமிழரசி இருபத்தைந்து முறை மென்றிருக்கிறார். அறுவைக்குப் பிறகு முதல் முறையாகக் களி வந்ததும், பிறந்ததிலிருந்து செய்தபடி, அந்த எலுமிச்சை அளவை நான்காகக் கிள்ளி வரிசையாக விழுங்கியிருக்கிறார். முட்டையளவு பையின் வாசல் ஒரு விரல் அகலம்கூட இருக்காது. நான் எழுதிய அளவு சரி, நேரம் சரி. தவறு அந்தத் தாளில் இல்லாத இடத்தில் இருந்தது.

தமிழரசியை எழுப்பி நடக்க வைத்தோம். ஒரு பக்கம் குப்பம்மாள், மறுபக்கம் நான். தாழ்வாரத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு முப்பத்தோரு அடி. ஐந்து பத்துக்கு, பத்தொன்பதாவது நடையில், தமிழரசி சட்டென்று நின்று சுவரைப் பிடித்தார். நான் பாத்திரத்தை நீட்டினேன். கோலிக்குண்டு அளவில் இரண்டு கட்டிகள் வந்து விழுந்தன. அவர் மூச்சை இழுத்தார். எச்சிலை விழுங்கிப் பார்த்தார். இறங்கியது. இன்னொரு முறை விழுங்கினார்.

"அத்த, பூடுச்சி" என்றார்.

குப்பம்மாள் பாத்திரத்தை வாங்கி எட்டிப் பார்த்தார். "கிண்டுனது நானு. கல்லு மாரி கீது பாரு" என்று தன்னையே திட்டிக்கொண்டார். வாசலில் இருந்த பையன்கள் விஷயம் தெரிந்ததும் விசிலடித்தார்கள். செவிலியர் போய் அதட்டினார். அவரும் சிரித்துக்கொண்டுதான் அதட்டினார்.

மாலை டாக்டரின் அறையில் அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். என் பணிக்காலத்தில் அதுதான் மிக நீளம்.

"நீங்க சாப்பிட்டுப் பாத்தீங்களாம்மா?"

"பாத்தேன் டாக்டர்."

"எப்படி?"

"மென்னு."

கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "ஞாயித்துக்கிழமை அவங்க வீட்டுக்குப் போங்க. அவங்க மாதிரி சாப்பிடுங்க."

போனேன். குப்பம்மாள் தட்டில் களியை வைத்து, நடுவில் குழி பறித்துக் கருவாட்டுக் குழம்பை ஊற்றினார். கிள்ளு, புரட்டு, நாக்கில் வை, விடு. இதுதான் பாடம். என் பல் முதல் வாயிலேயே தானாக மூடிக்கொண்டது. "ஐயய்யோ, பல்லுல பட்டுருச்சி" என்று வேடிக்கை பார்க்க வந்திருந்த கூட்டம் கூச்சலிட்டது. இரண்டாவது வாயைக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினேன். அது பாதி வழியில் நின்றது. நான் நெஞ்சைத் தட்டிக்கொண்டிருக்க, ஏழுமலை எதிரில் உட்கார்ந்து, மறியல் குரலில் சொன்னார்: "உள்ள மறியலு நடக்குது. மேடம், வயி வுடச் சொல்லுங்க!" தமிழரசி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அந்த மதியமே ஒவ்வொரு உணவாகக் கேட்டேன்: இதை எப்படிச் சாப்பிடுவீர்கள்? கூழைக் குடிப்பார்கள். இட்லியைக் குழம்பில் ஊறவைத்து விழுங்குவார்கள். மொச்சையைத் தோலோடு மெல்லுவார்கள். களியைத் தாளிலிருந்து எடுத்தேன். குப்பம்மாளுக்கு முகம் சுருங்கியது. ஐந்து நிமிடம் கழித்து அவரே சொன்னார்: "அதே மாவுல முருங்கக்கீர போட்டு அட தட்டுனா? மொறுமொறுன்னு. அத முயுங்கவே முடியாது, மென்னுதான் ஆவணும்." அடை தாளில் ஏறியது. எனக்கும் ஒரு புதிய கட்டம் கிடைத்தது. எது, எவ்வளவு, எப்போது என்பவற்றுக்குப் பக்கத்தில் "எப்படி" என்று ஒன்று. அந்தக் கணினி அச்சடிக்கும் தாளில் அந்தக் கட்டம் இல்லை. அந்த இரண்டு பெண்களுக்கும் நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. ஒன்பதாவது மாதம் வளைகாப்பு. அவர்கள் உறவில் வருகிற ஒவ்வொரு பெண்ணும் ஐந்து வகைச் சோற்றில் ஒரு பிடி எடுத்துக் கர்ப்பிணிக்கு ஊட்ட வேண்டும். நாற்பது பெண்கள், நாற்பது பிடி, அதற்கு முன் வாயில் சர்க்கரை. அழைப்பு வந்ததிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. நான்கு மாதம் காத்ததை ஒரு முற்பகலில் அன்பு கெடுத்துவிடும் என்று பயந்தேன். காலை ஒன்பதரைக்கே போய்விட்டேன்.

குப்பம்மாள் பந்தலின் நடுவில் நின்றிருந்தார். சர்க்கரைக் கிண்ணத்தைக் காணவில்லை.

"கேட்டுக்கோங்கடி. பிடி எல்லாம் கெடயாது. வேர்க்கடல அளவு. ஒருத்தி ஊட்டுனா, தமிழு மென்னு முயுங்கற வரைக்கும் அடுத்தவ கைய நீட்டக்கூடாது. இருவத்தஞ்சு. நான் எண்ணுவேன்."

"நாப்பது பேருக்கும் எண்ணுவியா? சாயந்திரம் ஆயிடும்டி" என்றார் ஒரு நாத்தனார்.

"ஆவட்டும். உனுக்கு இன்னா, வூட்ல அடுப்பா எரியுது?"

முதல் பெண் ஊட்டினார். குப்பம்மாள் ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினார். மூன்றாவது பெண்ணின்போது குழந்தைகள் சேர்ந்துகொண்டார்கள். ஆறாவது பெண்ணின்போது பந்தல் முழுவதும் எண்ணியது. இருபத்தைந்து வந்ததும் தமிழரசி விழுங்குவார், எல்லோரும் கை தட்டுவார்கள். பதினோராவது வாய் முடிந்ததும் அவர் கையை உயர்த்தினார்.

"போதும் அத்த."

எங்கள் நாட்டில் சாப்பிடுகிறவர் சொல்லும் "போதும்" என்ற சொல்லை யாரும் நம்புவதில்லை. இன்னொரு கரண்டி விழும். அன்று யாரும் வற்புறுத்தவில்லை. குப்பம்மாள் தட்டை மூடினார். "மீதிப் பேரு கடைக்கு ஓடிப்பூடாதீங்க. ஒன்றர மணிக்கி மறுபடியும் ஆரம்பம்" என்றார். அந்த வளைகாப்பு மூன்று அமர்வுகளாக நடந்தது. இடையில் வளையல் போட்டார்கள், பாட்டுப் பாடினார்கள், ஒரு தூக்கம்கூடப் போட்டார்கள். கடைசிப் பெண் ஊட்டியபோது சர்க்கரை ஆலையின் சங்கு மாலை வேலை முறைக்கு ஊதியது.

முப்பத்தெட்டாவது வாரத்தில், எங்கள் மருத்துவமனையிலேயே, அறுவை இல்லாமல் பிரசவம் ஆனது. பெண் குழந்தை. நான் பிரசவ அறை வாசலில் குப்பம்மாளோடு நின்றிருந்தேன். டாக்டர் தாமோதரனுக்கு அங்கே வேலையில்லை, இருந்தும் வந்திருந்தார். செவிலியர் குழந்தையைத் தராசில் வைத்து, "ரெண்டு கிலோ எழுநூத்தம்பது" என்று உள்ளேயிருந்து சொன்னார்.

சில ஆண்டுகளாக அந்த வீட்டில் யார் எந்த எண்ணைச் சொன்னாலும் அதன் பின்னால் ஒரு குறை வந்தது. மருமகள் எடை அதிகம், ரத்தம் குறைவு, குழந்தை வளர்ச்சி குறைவு. குப்பம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு டாக்டரிடம் கேட்டார்.

"ஜாஸ்திங்களா, கம்மிங்களா?"

டாக்டர் உள்ளே போய், தராசைத் தாமே ஒரு முறை பார்த்துவிட்டு வந்தார்.

"சரியா இருக்கும்மா."

குப்பம்மாள் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தார். ஒரு நொடிதான். மறுபடி எழுந்து, தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் நின்ற மகனைப் பார்த்து, மருத்துவமனை முழுக்கக் கேட்கும்படி கத்தினார்:

"டேய் ஏழுமல, சரியா கீதாம்டா!"